தேளி மீனுக்கு எத்தனை அறிவு?

உயிரைக் கொல்வது தகுமா என்ற வினாவுக்கு விடை தேடிய தமிழ்ச் சமய மரபுகள், அதற்கு முன்பாகவே மற்றொரு வினாவை எழுப்பின. ஓர் உயிர் எத்தனை வழிகளில் உலகை அறிகிறது என்பதே அது. அறியும் வழிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை வரிசைப்படுத்தி, வரிசையில் மேலே செல்லச் செல்லக் கொலையின் பாவமும் மிகும் என்று கணக்கிடும் முறை சமணத்தில் முழுமையான கோட்பாடாக வளர்ந்தது. அதே வரிசை தொல்காப்பியத்தின் மரபியலிலும் இருப்பதால், இலக்கணத்துக்கும் அறத்துக்கும் பொதுவானதோர் அளவுகோலாக அது தமிழில் நிலைத்துவிட்டது. ஐந்தறிவு உயிர், ஆறறிவு படைத்த மனிதன் என்ற தொடர்கள் மேடைப் பேச்சிலும் வீட்டுச் சண்டையிலும் இன்றும் தாமாக வந்து விழுவதே அதன் செல்வாக்குக்குச் சான்று. அந்த அளவுகோல் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சோதிக்கக் கண்மாய்ச் சேற்றில் கிடக்கும் ஒரு மீன் போதும்.

மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியில் இறங்கும் இடத்தை ஒட்டி எழுமலை அமைந்திருக்கிறது. பெரியாற்று நீர் கால்வாய் வழியே பாயும் வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளைப் போலன்றி, இவ்வட்டாரம் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களில் தேங்குவதையே பெரிதும் நம்பியிருக்கிறது. வட தமிழகத்தில் ஏரி எனப்படும் பாசன நீர்நிலையே தென் மாவட்டங்களில் கண்மாய் எனப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் நீர், பங்குனி, சித்திரையில் மடைக்கருகே உள்ள பள்ளங்களுக்குள் சுருங்கி, ஒரு கட்டத்தில் குழம்பிய சேறாகிறது. மற்ற மீன்கள் மூச்சு முட்டி மேலே மிதக்கும் அந்தச் சேற்றிலும் உயிரோடு கிடப்பது தேளி என்னும் கெளுத்தி இனமாகும்.

தோண்டி எடுக்கப்பட்டது

கெளுத்தி என்பது ஒரே மீனின் பெயரன்று. வாயைச் சுற்றி மீசை போன்ற இழைகளைக் கொண்டதும், உடலில் செதிள் இல்லாததுமான பெருங்கூட்டம் ஒன்றின் பொதுப்பெயராகவே அது வழங்குகிறது. வெப்பமண்டல ஆறுகளும் குளங்களும் அக்கூட்டத்தின் முதன்மையான வாழிடங்கள். அவற்றுள் தேளி ஏறத்தாழ ஒரு சாண் நீளமும், கருமை கலந்த பழுப்பு நிறமும், தட்டையான தலையும், நான்கு இணை மீசைகளும் உடையது. செவுள் அறையிலிருந்து முதுகெலும்பின் இருபுறமும் வால்பக்கமாக நீண்டு செல்லும் இரண்டு காற்றுப்பைகள் அதற்கு நுரையீரலைப் போலப் பயன்படுவதால், நீரில் உயிர்வளி குறையும்போது அது மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக்கொண்டு மீண்டும் சேற்றுக்குள் இறங்கிவிடுகிறது. மார்புத் துடுப்பின் முள்ளில் நஞ்சு உண்டு; அது குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும் என்பதே பெயர்க்காரணம்.

இம்மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததும் தமிழ்நாட்டின் வழியாகவே. பெர்லின் நகரில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்பவர், தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு 1794-ஆம் ஆண்டில் இதனை விவரித்து, ஃபாசிலிஸ் என்ற இலத்தீன் சொல்லை இதன் பெயராக்கினார். தரங்கம்பாடியில் மறைப்பணி செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்குத் தென்னிந்திய மீன்களை அனுப்பி வந்தார். ஃபாசிலிஸ் என்ற சொல்லுக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்பது பொருள். சேற்றில் புதைந்து வாழும் ஒன்றுக்கு அது பொருத்தமான பெயரே. ஹெட்டிரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ் என்பது இன்று வழங்கும் முழுப் பெயர்.

பிளாக் யூதர். அவருடைய சமயச் சட்டமோ, லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின்படி, துடுப்பும் செதிளும் ஒருங்கே உடைய மீனை மட்டுமே உண்ணத் தகுந்தது என்கிறது. செதிளற்ற கெளுத்தி அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே தம் சமயம் உணவாக ஏற்காத மீனைத்தான் அவர் உலக அறிவுக்குள் கொண்டுவந்தார். இந்தச் சட்டம் தேளியை உணவாகாமல் காப்பாற்றினாலும், தேளிக்கு என்ன நேர்கிறது என்று அது கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உண்பவனுக்கு என்ன நேர்கிறது, அவன் தூய்மை கெடுகிறதா என்பதே அதன் அக்கறை. தமிழகத்தில் மீன் உண்ணாமையைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டாரிடமும் இதே அக்கறையே மேலோங்கி நின்றது. சித்தர் சிவவாக்கியர் மீனை விலக்குவோரை நோக்கி, அந்த மீன் வாழும் நீரில்தானே குளிக்கிறீர்கள், குடிக்கிறீர்கள் என்ற கருத்துப்பட எள்ளியபோது, தூய்மையை அடிப்படையாகக் கொண்ட விலக்கு தன் சொந்தத் தர்க்கத்திலேயே நிற்காது என்பதைக் காட்டினார். ஆனால் அவருடைய கேள்வியும் உண்பவரையே நோக்கியது. மீனின் பக்கம் திரும்பவில்லை. மீனின் பக்கம் திரும்பிய பெருமை, உயிர்களின் அறிவை எண்ணத் தொடங்கியவர்களையே சாரும்.

அறிவின் ஏணி

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை ஆறு வகையாகப் பகுக்கிறது. உடம்பால் தொட்டு அறிவது முதல் அறிவு. அதனோடு நாவால் சுவைத்து அறிவது சேர்ந்தால் இரண்டு. மூக்கு சேர்ந்தால் மூன்று. கண் சேர்ந்தால் நான்கு. செவி சேர்ந்தால் ஐந்து. மனம் சேர்ந்தால் ஆறு. இங்கே அறிவு என்பது கல்வியையோ புத்திக்கூர்மையையோ குறிக்கவில்லை. உலகம் ஓர் உயிருக்குள் நுழையும் வாயிலையே அச்சொல் குறிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவின, நத்தை ஈரறிவினது, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நான்கறிவின, விலங்குகள் ஐயறிவின, மனிதர் ஆறறிவினர். இந்த எடுத்துக்காட்டுகளில் நண்டும் நத்தையும் இருக்க, அவற்றோடு ஒரே நீரில் வாழும் மீன் பெயர் சுட்டி வைக்கப்படவில்லை.

சமணத்தின் தத்துவார்த்த சூத்திரமும் இதே வரிசையில் பொறிகளை அடுக்குகிறது. பொறி என்பது அறியும் உறுப்பு; அதன் வழியே அறியப்படுவது புலன். சமண வகைப்பாட்டில் மீன் ஐம்பொறி உயிர்; நீரில் திரியும் ஐம்பொறி உயிர்கள் என்ற தனிப் பிரிவிலேயே அது வைக்கப்படுகிறது. இவ்வகைப்பாடு வெறும் உயிரியல் பட்டியலாக நிற்காமல் நேராக ஒழுக்கத்துக்கு வழிவகுத்தது. துறவி ஓரறிவு உயிருக்கும் ஊறு செய்யலாகாது என்றும், இல்லறத்தான் ஓரறிவு உயிர்களை உணவுக்காக அளவோடு பயன்படுத்தலாம், ஆனால் இரண்டறிவும் அதற்கு மேலும் உள்ளவற்றை மனமறிந்து கொல்லலாகாது என்றும் வரையறை பிறந்தது. வாழ்வதற்கு உண்டாக வேண்டும், உண்பதெல்லாம் உயிரே என்ற இக்கட்டில், எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு அந்த ஏணி ஒரு விடை தந்தது. பிற்காலத்தில் வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், தாவரமும் உயிர்தானே என்ற மறுப்புக்குத் தம் சீவகாருணிய ஒழுக்கத்தில் விடையிறுக்கும்போதும், தாவரத்தில் மனம் முதலிய கருவிகள் விளங்கவில்லை, ஆதலால் விதை, காய், கனி, தழைகளைக் கொள்வது நகத்தையும் உரோமத்தையும் களைவது போன்றதே என்னும் வழியில் செல்கிறார்.

இக்கருத்துகள் எழுமலைக்குத் தொலைவில் பிறந்தவை அல்ல. உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த விக்கிரமங்கலத்து உண்டாங்கல் குன்றில், துறவியர் தங்கிய கற்படுக்கைகளும் அவற்றை அமைத்துக் கொடுத்தோர் பெயர்களைக் கூறும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இன்றும் உள்ளன. மதுரையைச் சுற்றி ஆனைமலை, மாங்குளம், முத்துப்பட்டி, கீழக்குயில்குடியின் சமணமலை என்று அத்தகைய குன்றுகள் வளையமாக நிற்கின்றன. மாங்குளத்துக் கல்வெட்டு நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரையே தாங்கியிருக்கிறது. வச்சிரநந்தி என்பார் கி.பி. 470-ஐ ஒட்டி மதுரையில் திரமிள சங்கத்தை அமைத்தார் என்று சமண மரபு கூறுகிறது. இணைக்கயலைத் தன் இலச்சினையாகக் கொண்ட அரசு, மீனைக் கொல்லலாகாது என்ற துறவியர்க்குக் கல்லில் படுக்கை வெட்டத் துணை நின்றது. அப்படுக்கைகளிலிருந்து கீழே பார்த்தால், அன்றும் இன்றும் கண்ணில் படுவது வயலும் குளமுமே.

மெய்யே நாவாகும் உயிர்

தேளியை இந்த ஏணியில் ஏற்றிப் பார்க்கும்போது முதற்படியிலேயே சிக்கல் எழுகிறது. மெய் தொடுவதற்கும், வாய் சுவைப்பதற்கும் என்று பழைய வகைப்பாடு இரண்டையும் தனித்தனியே வைத்தது. கெளுத்தி இனங்களிலோ சுவை மொட்டுகள் வாய்க்குள் மட்டுமன்றி மீசையிலும் உடலின் தோல்மீதும் பரவியிருக்கின்றன. ஒரு மீசை சேற்றில் கிடக்கும் புழுவைத் தொடுவதும் சுவைப்பதும் ஒரே செயல். தொட்டபின் சுவைத்தது என்று அதனைப் பிரிக்க இயலாது. மெய் என்ற சொல்லுக்குத் தமிழில் உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள் உண்டு. கெளுத்தியின் மெய் முழுவதுமே ஒரு நா என்று சொன்னால் அது மிகையாகாது.

செவியும் ஒரு சிக்கலே. மீனுக்குப் புறச்செவி இல்லை. அதனால் மீன்கள் செவிடு என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கருதிவந்தனர். அவர்கள் கருத்து உண்மையாயிருந்தால் மீன் ஐந்தாம் படியிலிருந்து இறங்கி நண்டோடு நான்காம் படியில் நின்றிருக்கும். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற உயிரியலாளர் ஒரு சிறு கெளுத்தியைத் தொட்டியில் வளர்த்து, அது மண்குழாய் ஒன்றுக்குள் பதுங்கியிருக்கும்போது சீழ்க்கை அடித்து உணவிட்டுப் பழக்கினார். சில நாட்களில், உணவைக் காட்டாமல் சீழ்க்கை மட்டும் ஒலித்தபோதும் அந்த மீன் குழாயைவிட்டு வெளியே வந்தது. 1923-இல் வெளியான அக்கட்டுரையின் தலைப்பே, சீழ்க்கை அடித்தால் வரும் ஒரு கெளுத்தி என்பதுதான். பார்வையால் அறிந்து வருகிறதோ என்ற ஐயம் எழாதிருக்க அந்த மீன் முன்னதாகவே குருடாக்கப்பட்டிருந்தது என்ற செய்தியையும் சேர்த்தே இதனை எண்ண வேண்டும். ஓர் உயிருக்கு ஓர் அறிவு உண்டு என்று நிறுவ, அதன் மற்றோர் அறிவு பறிக்கப்பட்டது.

அடுத்து வருவது ஏணியில் இடமே இல்லாத ஒன்று. 1917-இல் பார்க்கர், வான் ஹியூசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர், கண் மறைக்கப்பட்ட கெளுத்தியின் அருகே ஒரு கண்ணாடிக் கோலைக் கொண்டுசென்றபோது, கோல் உடலில் படும்வரை மீன் அசையவில்லை; உலோகக் கோலைக் கொண்டுசென்றபோது, அது இன்னும் சில சென்டிமீட்டர் தொலைவில் இருக்கையிலேயே மீன் விலகியது. உலோகம் நீரில் உண்டாக்கும் மிக மெல்லிய மின்னோட்டத்தை அது உணர்ந்தது என்பதே விளக்கம். கெளுத்தி இனங்களின் தோலில் மின்னுணர்வுக்கென்றே நுண்ணிய குழிகள் இருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. சேற்றுக்குள் மறைந்திருக்கும் இரையின் தசைத் துடிப்பே இந்த மீனுக்கு ஒரு செய்தியாகிறது. மனத்தைச் சேர்க்காமலேயே எண்ணினால், கெளுத்திக்கு ஆறு வாயில்கள், மனிதனுக்கோ ஐந்துதான்.

மதுரையின் சமய மனம் மீனைக் கண்ணோடு சேர்த்தே எண்ணிப் பழகியது. மீனாட்சி என்ற பெயருக்கு மீனைப் போன்ற கண்ணுடையாள் என்பது பொருள். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிப்பதுபோல அன்னை தன் நோக்கத்தாலேயே உயிர்களைக் காக்கிறாள் என்பது வழிவழி வரும் விளக்கம். சைவ சித்தாந்தம் கூறும் தீட்சை வகைகளில், குரு தன் பார்வையாலேயே மாணாக்கனின் மலத்தை நீக்கும் நயன தீட்சைக்கு மீனும், கையால் தொட்டு நீக்கும் பரிச தீட்சைக்கு முட்டையை அடைகாக்கும் பறவையும், நினைவால் நீக்கும் மானச தீட்சைக்குக் கரையில் இட்ட முட்டையை நீரிலிருந்து நினைக்கும் ஆமையும் உவமையாகின்றன. இமைக்காத கண் மீனுக்கு உண்டு என்பதால் இவ்வுவமை அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் கலங்கிய நீரில் வாழும் தேளிக்குக் கண் சிறியது, அதன் பயனும் சிறியது. சின்னமாகிவிட்ட மீன் பார்வையின் உருவாய் நிற்க, கண்மாயில் கிடக்கும் மீன் தொடுகையின் உருவாய் வாழ்கிறது. அருளைப் பார்வை என்று கொண்டதால் தொடுகை ஏணியின் கடைசிப் படிக்குத் தள்ளப்பட்டதோ என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு.

எண்ணிக்கையும் வலியும்

பொறிகளை எண்ணும் முறை இவ்வாறு ஆட்டம் காணும்போது, கொல்லாமைக்கு வேறு அடித்தளம் உண்டா என்று தேட வேண்டியதாகிறது. திருக்குறள் இவ்விடத்தில் உதவுகிறது. அதன் 26-ஆம் அதிகாரமாகிய புலால் மறுத்தலும், 33-ஆம் அதிகாரமாகிய கொல்லாமையும் எத்தனை அறிவுடைய உயிர் என்று பிரித்துக் கேட்பதில்லை. இறைச்சியை மற்றோர் உடலின் புண் என்று காணச் சொல்வது வள்ளுவர் வழி. அறிவை எண்ணுபவன் உயிரின் திறமையைப் பார்க்கிறான். புண்ணைப் பார்ப்பவன் அதன் துன்பத்தைப் பார்க்கிறான். இவ்விரண்டு பார்வைகளும் எல்லா இடத்திலும் ஒரே விடையைத் தரும் என்பதற்கு உறுதி இல்லை.

மீன் துன்பத்தை உணர்கிறதா என்பது இன்றைய அறிவியலிலும் முடிந்துபோகாத வழக்கு. லின் ஸ்னெடன் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 2003-இல், டிரவுட் என்ற மீனின் முகத்தில் ஊறு செய்யும் தூண்டலுக்கு மட்டும் எதிர்வினையாற்றும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் தேனீ நஞ்சோ காடி அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உடலை ஆட்டிக்கொண்டு அடிப்பரப்பில் கிடந்தன, சில உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, உணவெடுக்க நெடுநேரம் பிடித்தது. மறுப்பாளரோ, ஊறு உணர்தல் வேறு, வலி என்ற அனுபவம் வேறு என்கின்றனர். வலியை உணர்வதற்குப் பாலூட்டிகளின் மூளையில் உள்ள புறணி தேவை, அது மீனுக்கு இல்லை என்று பிரயன் கீ என்ற ஆஸ்திரேலிய நரம்பியலாளர் 2016-இல் வாதிட்டார். மீனிடம் இல்லாத ஓர் உறுப்பைக் காட்டி அதன் அனுபவத்தை மறுக்கும் இந்த வாதம், புறச்செவி இல்லாததால் மீன் செவிடு என்ற பழைய முடிவின் வடிவத்தையே ஒத்திருக்கிறது. அம்முடிவைச் சீழ்க்கைக்கு வந்த ஒரு கெளுத்தி தகர்த்துவிட்டது. வலியின் வழக்கிலும் அவ்வாறே நிகழும் என்று சொல்ல இயலாதெனினும், ஐயத்தின் பயனைக் கொல்பவனுக்குத் தருவதா கொல்லப்படுவதற்குத் தருவதா என்பது அறிவியலுக்கு வெளியே நிற்கும் அறக் கேள்வி என்பது உறுதி.

கொல்பவன் யார் என்பதிலும் தமிழ் மரபுகள் ஒத்துப்போகவில்லை. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு மீனையும் இறைச்சியையும் ஏற்கலாம் என்பது பௌத்த வினயத்தின் விதி. உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்ற வகையில் வள்ளுவர் இதனை மறுக்க, நீலகேசி என்ற சமணத் தர்க்க நூல் பௌத்தரின் புலால் உணவைத் தன் வாதங்களுள் ஒன்றாகவே எடுத்து நெடிது கண்டிக்கிறது. சந்தையில் பானை நீரில் உயிரோடு நெளியும் தேளியை விலை பேசுபவருக்கு இந்த வழக்கில் ஒதுங்கி நிற்க இடமில்லை; தேளி உயிரோடு விற்கப்படும் மீன் என்பதால், வாங்குபவரின் தலையசைப்புக்குப் பிறகே அதன் உயிர் போகிறது.

சமணம் இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. சமண ஆசிரியர் குந்தகுந்தர் தம் பாவ பாகுடம் என்ற நூலில் குறிப்பிடும் சாலிசிக்தம் என்ற மீனின் கதை அதற்குச் சான்று. அரிசி மணியளவே உள்ள அந்த மீன், பெருமீன் ஒன்றின் காதுக்குள் வாழ்ந்தது. பெருமீன் உறங்கும்போது திறந்த வாய் வழியே எண்ணற்ற சிறு மீன்கள் போய்வருவதைக் கண்டு, இவ்வளவு பெரிய உடம்பு எனக்கிருந்தால் ஒன்றையும் தப்பவிடமாட்டேன் என்று அது எண்ணியது. ஒரு மீனைக்கூடக் கொல்லாத அந்தச் சிற்றுயிர், அவ்வெண்ணம் ஒன்றினாலேயே ஏழாம் நரகத்தை அடைந்தது என்பது கதை. கொலையின் அளவு கொல்லப்படும் உயிரின் பொறிகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை, கொல்ல எண்ணும் மனத்திலும் தங்கியிருக்கிறது என்று சமணமே இதன்மூலம் தன் ஏணியைத் திருத்திக்கொள்கிறது.

ஏணி பயன்படாத மற்றோர் இடமும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கெளுத்தி, கழிவுகளைத் தின்று விரைந்து பெருத்து, நாட்டு மீன்களையும் விழுங்கிவிடுவதால், அதனை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. வளர்ப்புக் குளங்களை அதிகாரிகள் அழிக்கும் செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன. அந்த மீனுக்கும் தேளிக்கும் மீசை ஒன்று, பொறிகள் ஒன்று, பிடிபட்டபின் துடிக்கும் துடிப்பும் ஒன்று. ஒன்றைக் காக்க மற்றதை அழிக்க வேண்டும் என்று சொல்லும் சூழலியல், தனி உயிரை எடைபோடாமல், அவ்வுயிர் தன் நீர்நிலையோடு கொண்டுள்ள உறவையே எடைபோடுகிறது. தனி உயிர் ஒவ்வொன்றையும் எண்ணும் கொல்லாமை அறத்துக்கு இது எளிதில் உடன்பாடாகாது. எனினும் உயிரின் மதிப்பு அதன் உடலுக்குள் மட்டும் அடங்கியதன்று, அது நிற்கும் உறவுகளிலும் இருக்கிறது என்ற எண்ணத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஊத்தாவுக்குள் நுழையும் கை

மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரங்களில் கோடையில் நீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவை இக்கேள்விகளோடு வைத்துப் பார்ப்பது தகும். கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டு, ஏலம் எடுத்தவரே பிடித்து விற்கும் முறை ஒருபுறம் இருக்க, இவ்விழா நடக்கும் ஊர்களில் குறித்த நாள்வரை எவரும் தனியே இறங்கி மீன் பிடிப்பதில்லை. அந்த நாளில் கரையில் உள்ள காவல் தெய்வத்தை வழிபட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து கரையில் காத்திருக்கும் எல்லோரும் ஒருசேர இறங்குகின்றனர். பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உறவினரோடு பகிர்வதே வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

கொல்லாமை நோன்பிகள் தங்கிய குன்றுகளின் நிழலில், கொலையோடு முடியும் ஒரு வழிபாடு மழைவேண்டல் ஆகியிருப்பது முரணே. அதனை மழுப்பத் தேவையில்லை. சமணத்தின் கணக்கில் அது ஐம்பொறி உயிர்க்கொலை, வள்ளுவர் கணக்கில் அது புண். ஆயினும் இவ்வழக்கத்துக்குள்ளும் வரம்பு என்ற ஓர் அறம் இருக்கிறது. அசோகர் தம் ஐந்தாம் தூண் ஆணையில், ஆண்டின் சில குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்வதும் விற்பதும் கூடாது என்று விலக்கினார். கண்மாய் வழக்கமோ ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களை விலக்குகிறது. நாள் முன்பே குறிக்கப்படுகிறது, அனுமதி வழிபாட்டின் வழியே கேட்கப்படுகிறது, பயன் ஒருவர் பையில் சேராமல் பலர் இலையில் விழுகிறது. சாலிசிக்த மீனின் குற்றம் ஒன்றையும் தப்பவிடக் கூடாது என்ற எண்ணத்தில் இருந்தது என்றால், இந்த வரம்புகள் அவ்வெண்ணத்துக்கு எதிராகவே இடப்பட்டவை.

அந்த நாளில் பயன்படும் கருவிகளுள் ஊத்தா தனித்துக் குறிப்பிடத்தக்கது. மூங்கில் சிம்புகளால் பின்னிய, அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருபுறமும் திறந்த கூடை அது. ஊத்தாவை நீரில் ஓங்கிக் குத்தி, அடியில் ஏதேனும் அகப்பட்டதாக மூங்கிலின் அதிர்வு சொன்னால், மேல்வாய் வழியே கையைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் மிதித்துக் கலக்கிய அந்த நீரில் கண் பயன்படாது. கரையில் எழும் கூச்சலில் காதும் பயன்படாது. சேற்று வாடையில் மூக்குக்கு வேலையில்லை. ஆறறிவு உடைய ஒருவர் அந்தக் கணத்தில் விரல்நுனி ஒன்றை மட்டுமே நம்பி, ஏணியின் முதற்படிக்கு இறங்கி நிற்கிறார். கூடைக்குள் அவருடைய விரலைத் தேளியின் மீசை தொடுகிறது. தொட்ட அளவில் அது அவரைச் சுவைத்தும் அறிந்துவிடுகிறது, அவரோ வழுவழுப்பு ஒன்றை மட்டுமே அறிகிறார். முள் குத்திக் கையை உதறுபவர், கூடைக்குள் இருப்பதும் தன்னைக் காத்துக்கொள்ள விரும்பும் ஒன்று என்பதை எந்த நூலும் படிக்காமல் தெரிந்துகொள்கிறார்.

மரபியலின் சூத்திரங்களில் ஒவ்வோர் அறிவுக்கும் எடுத்துக்காட்டுச் சொல்லி முடிக்கும்போது, அந்தப் பிறப்பில் இன்னும் பிற உண்டு என்று தொல்காப்பியர் சேர்த்துச் சொல்கிறார். அங்கே அவர் ஆளும் சொல் கிளை என்பது. மரத்தின் கிளையைக் குறிக்கும் அச்சொல்லே தமிழில் உறவினரையும் குறிக்கும். தென் மாவட்டங்களில் சில சமூகத்தார் தம் மரபுவழியை இன்றும் கிளை என்றே கூறுகின்றனர். மேலிருந்து கீழே படித்தால் அந்த வரிசை, ஆறறிவு உடையவனுக்குக் கீழே உள்ளவற்றின் மீது உரிமைப் பட்டியலாகத் தோன்றும். தொல்காப்பியர் தொடங்கியதோ கீழிருந்து. ஒவ்வோர் உயிரும் தனக்கு முந்தியதன் அறிவை முழுதும் வைத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டிக்கொள்வதாக அவர் அடுக்கியிருப்பதால், புல் முதல் மனிதன்வரை எவரும் இழக்காத அறிவு தொடுகை ஒன்றே ஆகிறது. தேளியின் மின்னுணர்வு அந்த வரிசையில் அடங்காமல் போகலாம், அதன் நா அதன் தோலோடு கலந்து வரிசையைக் குழப்பலாம். அவற்றால் எண்ணிக்கைதான் பிழைபடுகிறது, கிளை என்ற சொல் பிழைபடவில்லை.

ஆகவே தேளிக்கு எத்தனை அறிவு என்ற வினா, அதைக் கொல்லலாமா என்ற வினாவுக்கு விடையாகாது. கூடுதல் அறிவு உடையது என்று நிறுவினாலும் அதற்காக எவரும் ஊத்தாவைக் கீழே வைத்துவிடப் போவதில்லை. குறைந்த அறிவு உடையது என்று நிறுவினாலும் முள் குத்திய கைக்குக் கடுப்பு குறையப் போவதில்லை. கிளை என்று ஒப்புக்கொண்டவர்க்கு ஒரு கடமை மட்டும் மிஞ்சுகிறது. கொல்லாதிருக்க முடிந்தவர் கொல்லாதிருப்பதும், முடியாதவர் நாளும் அளவும் குறித்து, கேட்டு, பகிர்ந்து எடுப்பதும், எடுத்ததை உரிமை என்று பேசாதிருப்பதுமே அக்கடமை. கலங்கிய நீரில் கையைவிடுபவர்க்கு அது ஓரளவு தெரிந்தே இருக்கிறது. தெளிந்த நீரில், தட்டில் வைக்கப்பட்ட துண்டை மட்டும் பார்ப்பவர்க்கே அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.